பிளக்வெட்டியும் துணிக் கத்திரியும்

அந்தத் தெருவில் தையற்காரரின் மனைவிக்குப் பிளக்வெட்டி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லி யாராவது விசாரித்தால் முனைக் கடைக்காரர் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "ஓ, நம்ம பிளக்வெட்டியா?" என்று கேட்டுத்தான் வழி காட்டுவார்.

வீட்டின் முன்னறைதான் இருவருக்கும் பட்டறை. ஜன்னல் பக்கம் அவருடைய தையல் மெஷின், சுவர்ப் பக்கம் அவளுடைய மேஜை. மிக்சி, அயர்ன்பாக்ஸ், ஃபேன், ஹீட்டர் என்று அக்கம்பக்கத்தில் மூச்சு நின்றதெல்லாம் அந்த மேஜைக்கு வந்துசேரும். பெரும்பாலானவை பிழைத்து வீடு திரும்பும். சிலது பிழைக்காது. இன்னும் சிலது பிழைத்தாலும் ஷாக் அடித்து ஆளைத் தூக்கிவிடும். அப்படி ஒன்று அகப்பட்டால் அவள் உரியவரை எதிரே உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒயரைப் பிளக்குக்குப் பக்கத்தில் கட்டரால் ஒரே நறுக்காக நறுக்குவாள். பொருள் அவர்களுக்கு, பிளக் இவளுக்கு. வெட்டிய பிளக்குகளைக் கயிற்றில் கோத்து மேஜைக்கு மேலே தொங்கவிட்டிருந்தாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்றாம் நாள் வேறு எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். வேறு எங்கே போவார்கள்?

தையற்காரருக்கு அவள் வேலை செய்வதைப் பார்ப்பதில் தனி ருசி. துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பார். எந்தப் பொருளையும் எடுத்த எடுப்பில் அவள் திறக்க மாட்டாள். முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு பிளக்கைப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொள்வாள். ஸ்க்ரூவில் கை வைப்பது அதற்கப்புறம்தான். "சுவிட்சை அணைச்சுட்டேனே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களிடம், "சுவிட்சை யாரு வேணா போட்டுடலாம். என் மடியில இருக்கிற பிளக்கை யாரு எடுத்துச் சொருகப் போறா?" என்பாள். டெஸ்டரையும் லேசில் நம்ப மாட்டாள். கரண்ட் இருக்கிற இடத்தில் அதை ஒருமுறை எரியவிட்டுப் பார்த்து, டெஸ்டருக்கே உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் பழுதான பொருளில் வைப்பாள். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் ஒருநாள் மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தொடவேயில்லை. "பிடுங்கி வெச்சாலும் இதுக்குள்ள கரண்ட் தங்கி நிக்கும். இதுக்கு எனக்குப் படிப்பு பத்தாது. கம்பெனி ஆளைக் கூப்பிடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். தெரிந்ததைச் செய்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் ஆள் கிடையாது என்று தையற்காரர் தன் வாடிக்கையாளர்களிடம் பெருமை அடித்துக்கொள்வார். கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

அந்த வீட்டில் பெரிய சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் அது ஒரு கத்திரியால்தான். கட்டர் கைக்கு அகப்படாத அவசரத்தில் அவள் அவருடைய துணிக் கத்திரியை எடுத்து ஒரு ஒயரை நறுக்கிவிட்டாள். துணிக் கத்திரியால் காகிதம் வெட்டினாலே தையற்காரருக்கு நெஞ்சு அடைக்கும். அன்று முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை, சாப்பிட மட்டும் திறந்தார். அதற்கப்புறம் அவள் அந்தக் கத்திரியின் பக்கம் திரும்பியதே கிடையாது.

இப்படி இருக்கையில் தையற்காரரின் அக்கா போன் செய்தாள். அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கணவர் போனபின் தனியாக இருந்தாள். வெளியூரில் இருக்கும் மகள், தவழ்கிற பேத்தியைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறாள்.

"வாஷிங் மெஷின் லேசா சுள்ளுங்குதுடா. குழந்தைத் துணி குவியுமே. உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து சரி பண்ணிக் குடு."

இருவரும் போனார்கள். பின்கட்டில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அந்த மெஷின் நின்றது. தையற்காரர் கடை போட்ட புதிதில், முதல் சம்பாத்தியத்தில் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தது. சின்ன வயதில் அவர் துணியையெல்லாம் கையால் தோய்த்துத் தோய்த்து அக்காவின் விரல்கள் வெடித்துப் போயிருந்தன. அந்த விரல்களை நினைத்துக்கொண்டு வாங்கியது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அக்கா அதைக் காட்டி, "என் தம்பி வாங்கிக் குடுத்தது" என்று சொல்லாமல் விட்டதில்லை.

மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. மெஷின் தலைமேல் ஒரு மரக்கரண்டி.

"இது எதுக்கு அண்ணி?"

"கரண்டியாலதான் சுவிட்சைத் திருப்புவேன். ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு பலகை மேல நின்னுக்கணும். கை ஈரமா இருக்கக் கூடாது. அவ்வளவுதான், ஒண்ணும் பண்ணாது" என்றாள் அக்கா, சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி.

பிளக்வெட்டி பையைத் திறந்தாள். டெஸ்டரை முதலில் சுவர் பிளக் பாயிண்டில் எரியவிட்டுப் பார்த்தாள். பிறகு மெஷினின் உடம்பில் வைத்தாள். பளிச்சென்று எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைக் கழற்றினாள். தொட்டியிலிருந்து தண்ணீர் கசிந்து மோட்டார் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. ஒயரின் தோல் வெடித்திருந்தது. அடித்தகடு துருப்பிடித்து அப்பளமாய் நொறுங்கியது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் ஒயர் மாட்டியிருந்த இடமே உதிர்ந்துபோய், அந்த ஒயர் எதிலும் படாமல் தொங்கியது. அவள் நெடுநேரம் பார்த்தாள். டார்ச்சை அணைத்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, இதைச் சரி பண்ண முடியாது. ஒயரை மாத்தினாலும் மறுபடி தண்ணி சொட்டும். எர்த் மாட்டத் தகடு இல்ல. இதுக்குப் பதிலா வேற ஒண்ணு வாங்கிடுவோம்."

பேசிக்கொண்டே அவள் கை பழக்கதோஷத்தில் பையிலிருந்து கட்டரை எடுத்துவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிற்று.

"என் தம்பி எனக்குன்னு வாங்கிக் குடுத்தது இது ஒண்ணுதான். அதுவும் உன் கண்ணுக்கு ஆகலையா? ஊரார் வீட்டு பிளக்கோட சேத்துக் கோத்துத் தொங்கவிடணுமா?"

பிளக்வெட்டி கட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கழற்றியதையெல்லாம் மாட்டினாள். மடியிலிருந்த பிளக்கை எடுத்து மெஷினின் தலைமேல் வைத்தாள். "தயவுசெஞ்சு சொருகாதீங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். தையற்காரர் இவ்வளவுக்கும் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் அவர்தான் ஆரம்பித்தார்.

"அக்கா ஜாக்கிரதையானவ. பாத்துப்பா."

"அண்ணி பாத்துப்பாங்க. செருப்பு போடுவாங்க, பலகை மேல நிப்பாங்க. தவழ்ற குழந்தை என்னத்தைப் போடும்?"

"நீ வெட்டியிருக்கலாமே. யாரு வீட்டுல நீ பயந்திருக்க?"

அவள் நடையை நிறுத்தவில்லை. "மத்தவங்க வீட்டுல நான் வெட்டினது பிளக்கு. இங்க வெட்டினா அது உங்களை வெட்டின மாதிரி ஆயிடும். அப்புறம் நான் என்ன சொன்னாலும் அண்ணி காதுல ஏறாது. அதை வெட்டுற கை என்னோடது இல்லீங்க."

யாருடைய கை என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்தது, புரிந்ததால்தான் கேட்கவில்லை. வளர்த்த அக்காவின் முகம் சுண்டுவதைப் பார்க்க அந்த மனிதருக்குத் தைரியம் கிடையாது. மெஷின் உடம்பில் டெஸ்டர் எரிந்தது மட்டும் தைக்க உட்காரும்போதெல்லாம் கண்முன் வந்தது. ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடக்கையையே வைத்துத் தைத்தார்.

மகளும் பேத்தியும் வந்துசேர்ந்தார்கள். தையற்காரர் குழந்தைக்கு ஒரு கவுன் தைத்து, அளவு சரியில்லாவிட்டால் அங்கேயே குறைத்துக்கொள்ளலாம் என்று துணிக் கத்திரியையும் ஊசி நூலையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

உள்ளே நுழையும்போதே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பின்கட்டு வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு அடைத்திருந்தார்கள். குழந்தை அந்த நாற்காலியின் காலுக்கடியில் புகுந்து பாதி உடம்பு அந்தப் பக்கம் போய்விட்டது. தரையில் மெஷினிலிருந்து கசிந்த தண்ணீர் கோடாய் ஓடிவந்திருந்தது. குழந்தை அதில் கையை அடித்து அடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அவர் பையைப் போட்டுவிட்டு ஓடி அதை இழுத்துத் தூக்கிக்கொண்டார். குழந்தை குஷியாகச் சிரித்தது.

அக்கா பலகை மேல் நின்றுகொண்டு கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டியா? நல்ல வேளை. இவளை வெச்சுக்கிட்டு சமாளிக்க முடியலைடா. கடைத்தெருப் பக்கம் போனா இவ காலுக்கு ஆகுற மாதிரி சின்னதா ஒரு ரப்பர் செருப்பு கிடைக்குமான்னு பாரேன்."

அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தவழ்கிற குழந்தைக்கு, கையாலும் முட்டியாலும் ஊர்கிற குழந்தைக்கு, காலில் செருப்பு. தையற்காரருக்கு அந்த நிமிஷம் அழுகைதான் வந்தது. தான் வாங்கிக் கொடுத்த பொருளை விடமுடியாமல் ஒரு புத்திசாலி மனுஷி எங்கே வந்து நிற்கிறாள் என்று பார்த்தார். அவளை அங்கே நிறுத்தியது தன் வாய்மூடித்தனம்தான் என்றும் பட்டது.

"குழந்தையைப் பிடிம்மா" என்று சத்தம் கேட்டு வந்த அக்கா மகளிடம் கொடுத்தார். "அக்கா, நீ பலகையை விட்டு இறங்கி இந்தப் பக்கம் வா. எதையும் தொடாதே."

நேராகக் கூடத்துக்குப் போனார். அங்கே சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். மெஷின் முனகி நின்றது. திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார். ஈரமில்லாத படியில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டார். பையிலிருந்து துணிக் கத்திரியை எடுத்தார்.

"டேய்" என்றாள் அக்கா.

அவர் ஒயரை நறுக்கினார். துணி மாதிரி அது இசைந்து கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. கத்திரியின் அலகு கம்பியைக் கடிக்கும் சத்தம் அவர் பல்லில் கூசியது.

அக்கா அறுந்த ஒயரைப் பார்த்தாள். பிறகு, "உன் பொண்டாட்டி சொல்லி அனுப்பினாளா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. அவ வெட்ட மாட்டேன்னுட்டா. வாங்கிக் குடுத்தவன் நான். நான்தான் வெட்டினேன்."

"நீ குடுத்ததுடா அது."

"உன் கை வெடிக்கக் கூடாதுன்னு குடுத்தேன். உன்னையும் உன் பேத்தியையும் கொண்டு போறதுக்கா குடுத்தேன்?"

அக்காவின் கண் அவர் கையிலிருந்த கத்திரிக்குப் போயிற்று. துணிக் கத்திரி என்றால் தம்பி என்ன பாடு படுத்துவான் என்று அவளுக்குத் தெரியாதா? கையை நீட்டினாள். "அந்த பிளக்கைக் குடு. உன் பொண்டாட்டி கயித்துல அது ஏறக் கூடாது. என்கிட்ட இருக்கட்டும்." வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு குழந்தையிடம் போனாள்.

தையற்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டியில் பாதி தோய்ந்து கிடந்த குழந்தைத் துணிகளை எடுத்துக் கையால் அலசிப் பிழிந்து கொடியில் போட்டார். புது மெஷின் வரும்வரை தினமும் வந்து தோய்த்துத் தருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கத்திரியை மேஜைமேல் வைத்தார். பிளக்வெட்டி ஒரு அயர்ன்பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். கத்திரியின் அலகில் பல் விழுந்திருப்பதை முதலில் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிளக்கை முதல்ல பிடுங்கினீங்களா?"

"மெயினை இறக்கிட்டுத்தான் பிடுங்கினேன். மடியில போட்டுக்கிட்டுத்தான் வெட்டினேன்."

அவள் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியைத் தையற்காரர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கத்திரியை எடுத்துக்கொண்டு சாணைக்கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். கத்திரியை அடுத்தவர் தொட்டாலே சீறுகிறவர், அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. அக்கா. தையற்காரர் எடுத்ததும், "உன்கிட்ட இல்ல, அவகிட்ட குடு" என்றாள். அவர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டு, வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறாளே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா" என்றது அக்காவின் குரல், வெளியே கேட்கும்படி. "என் வீட்டு ஹீட்டரும் ரொம்ப நாளா லேசா சுள்ளுங்குது. சொல்லாம வெச்சிருந்தேன். இன்னிக்கே வந்து பாத்துடு. வரும்போது உன் கட்டரையும் மறக்காம எடுத்துட்டு வா. அவன் கத்திரி பாவம்."