சூசைதாசனின் இரும்புத் தலை

டிலுக்சனின் சவப்பெட்டியை மூடிய செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, அவன் தகப்பன் சூசைதாசனின் தலையில் ஐந்நூறு வருடப் பழைய இரும்புத் தலைக்கவசம் ஒன்று வந்து அமர்ந்தது. அதே நேரத்தில், அவர் பதினான்கு வருடமாகக் காவலிருந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையிலிருந்து அது காணாமற்போனது. தேவாலயத்தில் பக்கத்தில் நின்றவர்கள் சற்று விலகி இடம் விட்டார்கள்.

மறுநாள் அருங்காட்சியகத்திலிருந்து வந்த பெண் கழற்றப் பார்த்தாள், முடியவில்லை. இலக்கத்தைச் சரிபார்த்து, நீண்டகால இரவல் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூச வருவதாகச் சொன்னாள். குதிரைகளில் எதிரெதிரே பாய்ந்து ஈட்டியால் மோதும் போட்டிக்குச் செய்தது அது என்று அவர் மனைவி டொலறஸுக்கு விளக்கினாள். முன்னால் குனிந்தால்தான் கண்ணுக்கு நேரேயுள்ள பிளவு வழியே வெளியே தெரியும். ஈட்டி படும் நொடியில் வீரன் தலையை நிமிர்த்திவிடுவான். முறியும் ஈட்டியின் சிராய் கண்ணில் பாயாது, ஆனால் விழும் அடியையும் அவன் காணமாட்டான். டொலறஸுக்கு விளங்கியது. கடைசி முத்தத்துக்குச் சுவாமியார் அழைத்தபோது, தன் கணவர் மகனைக் குனிந்து பாராமல் கூரையை நோக்கி நிமிர்ந்ததை அவள் கண்டிருந்தாள்.

நான்கு வருடங்கள் போயின. சூசைதாசன் வேலைக்குத் திரும்பினார். வெற்றுப் பேழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்வையாளர்கள் படமெடுத்துக்கொண்டார்கள். டொலறஸ் பிளவில் புனல் வைத்துக் கஞ்சி ஊற்றினாள். அவர்கள் குடியிருந்த லூயிஷாமில் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, "சூசை அண்ணை, உங்களுக்கு இனிக் குடைச் செலவில்லை, என்ன?" என்று கூட வந்த மேரிசாந்தி பகிடி விட்டாள். உள்ளேயிருந்து அவரும் சிரித்தார். தெருவைக் கடக்கக் குனிந்தார், சப்பாத்துக் கட்டக் குனிந்தார். டொலறஸ் எதிரில் வந்தால் மட்டும் நிமிர்ந்தார்.

"இஞ்சாருங்கோ, ஒருக்காக் குனிஞ்சு என்னைப் பாருங்கோவன்."

"ஏலாது டொலறஸ். அவன் அப்பிடியே உன்ரை முகம்."

டிலுக்சனுக்கு இருபத்தாறு வயதாகியிருக்க வேண்டிய காலையில், அவர் சப்பாத்துக் கட்டும் நேரம் பார்த்து டொலறஸ் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கயிற்றைத் தேடிக் குனிந்தார். பிளவுக்கு நேரே அவள் முகம் இருந்தது. அவர் நிமிரவில்லை. அவர் ஏற வேண்டிய பஸ் போனது, அடுத்ததும் போனது. பிறகு இன்னும் குனிந்தார். குளிர்ந்த இரும்பு அவள் நெற்றியில் முட்டி நின்றது. அந்தக் கன்றல் ஆற ஒன்பது நாளானது.

கவசம் கழலவில்லை. எண்ணெய் பூச வந்த பெண், பிளவிலிருந்து தாடைவரை இரண்டு கோடாகத் துரு இறங்கியிருந்ததைக் கண்டாள். 'உள்ளிருந்து ஈரம். வழமையானது' என்று படிவத்தில் எழுதிவிட்டு, துருவைத் தொடாமல் மற்ற இடங்களுக்கு எண்ணெய் பூசினாள்.