ஏழாம் கட்டில் பரீட்சை

நான் நர்சிங் படித்த புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கட்டில் கட்டிலாகப் பார்த்து வரும் நேரத்துக்கு 'விசித்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் போய் ஏழு வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. விசித் முடிகிறவரை வார்டில் பெட்பேன் கண்ணில் படக் கூடாது. கன்னியாஸ்திரீகள் போட்டுவைத்த சட்டம் அது. நோயாளிகளும் பழகியிருந்தார்கள், மணி அடித்ததும் அடக்கிக்கொள்வார்கள்.

1961-இல் எனக்குக் கடைசிப் பரீட்சை. கட்டிலருகே நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். எனக்கு விழுந்தது ஏழாம் கட்டில், குருசுக்குப்பம் சொர்ணம். மீன்கூடையோடு வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். தானாகப் புரளக்கூட முடியாது.

"என்னா அஞ்சலாட்சி, மொகம் வெளுத்துக் கெடக்கு? பரீட்ச ஒனக்கா, எனக்கா?"

"எனக்குத்தாங்க்கா. நீங்க சும்மா படுத்திருந்தா போதும்."

"அது ஒண்ணுதான் நான் இங்க ஒழுங்கா செய்யறேன்."

பக்கத்துக் கட்டில் அஞ்சம்மாள் விடவில்லை. "அவளாவது, சும்மா இருக்கறதாவது! பத்து மார்க்கு அவ வாயாலயே போவப் போவுது பாரு."

"நீ போடி. ஒன் வாய்க்குக் கரவலை பத்தாது."

நான் சிரிக்கவில்லை. தவறினால் அப்பா வந்து எங்கள் ஊர் காலாப்பட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். அங்கே மாப்பிள்ளை தயாராக இருந்தான்.

விசித் மணி அடித்தது. சென்னையிலிருந்து வந்த பரீட்சை அம்மாளும் எங்கள் ஆசிரியை சந்திரகலா மிஸ்ஸும் கட்டிலுக்கு எதிரே வந்து நின்றார்கள்.

"நர்சிங்குன்னா என்ன, அந்த எண்ணம் எப்படியெல்லாம் மாறி வந்திருக்கு, சொல்லும்மா. தமிழ்லயே சொல்லு. படுத்திருக்கிறவங்களுக்கும் புரியட்டும்."

எனக்குத் தலைகீழாகத் தெரியும். மடங்களில் நோயாளியைக் கடவுளாக எண்ணிச் செய்த ஊழியத்தில் தொடங்கினேன். பிறகு போர்க்கால ஆஸ்பத்திரிகள். காற்றும் வெளிச்சமும் சுத்தமும் இருந்தால் உடம்பு தானே தேறும் என்ற எண்ணம் வந்தது. அப்புறம் டாக்டர் சொன்னதைச் செய்யும் கையாக நர்ஸ் நின்ற காலம்...

என் முந்தியை ஒரு விரல் இழுத்தது.

"கண்ணு."

குனியவில்லை. எதற்கு என்று தெரியும்.

"கண்ணு, அவசரம்."

அந்தக் கையைப் பிடித்துப் போர்வையின் மேல் வைத்து அழுத்தினேன். இரு என்று அர்த்தம். பரீட்சை அம்மாள் அதைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"ம், மேல சொல்லு. இப்ப என்ன நினைக்கிறாங்க?"

"பலம் இருந்தா ஒருத்தர் தனக்குத் தானே எதெல்லாம் செஞ்சிக்குவாரோ, அத அவருக்காக நாம செய்யறதுதான் நர்சிங், மேடம். சீக்கிரமே அவரே செஞ்சிக்கற மாதிரி."

"அவருக்கு என்ன வேணும்னு யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத்தான். அவரக் கேக்கணும்."

"டாக்டர் சொல்லலேன்னா?"

"அப்பவும் கேக்கணும், மேடம்."

"நல்லா சொன்னே."

என் கைக்குள் இறுகியிருந்த விரல்கள் அப்போது தளர்ந்தன. போர்வைக்குக் கீழே ஈரம் பரவுவதைப் பார்த்தேன். எதிரே நின்ற இருவரும் பார்க்கவில்லை. அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்கள்.

அங்கிருந்து திரும்பி வந்த மிஸ் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸுடீ! கையப் புடிச்சிக்கிட்டே பதில் சொன்னே பாரு, அதுக்கே தனியா மார்க்கு போட்டாங்க."

"மிஸ், அது வந்து..."

"சாயங்காலம் ஜூனியருங்களுக்கு அப்படியே சொல்லிக் காட்டணும்."

"சரி மிஸ்" என்றேன்.

துணி மாற்றப் போனபோது சொர்ணம் என் முகத்தைப் பார்க்காமல் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிக்க கண்ணு. முடிஞ்ச மட்டும் அடக்குனேன். அந்தம்மா பாத்துட்டாங்களா?"

"இல்லக்கா."

"ஒனக்கு ஒண்ணும் கெட்டுப் போவலியே?"

"பாஸாயிட்டேன்க்கா."

"மாரியாத்தா காப்பாத்திட்டா." ஈரத்துணியை உருவும்போது வலியில் பல்லைக் கடித்தார். "நல்லா பேசுனே. யாரோ சீக்காளியக் கேட்டுக் கேட்டு செய்யணும்னு சொன்னியே, யாரு அது? மாடி வார்டா?"

மாடி வார்டில் பணக்காரர்கள் படுத்திருப்பார்கள். நான் விரிப்பின் மூலையை மடித்துச் செருகினேன். அஞ்சம்மாள் எப்போதும் எதையாவது சொல்வாள். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜூனியர்களுக்குச் சொல்லிக் காட்டினேன். கையைப் பிடித்ததையும் சொன்னேன். ஏன் பிடித்தேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் விசித்துக்கு முன்பே பெட்பேனோடு ஏழாம் கட்டிலுக்குப் போனேன்.

"இப்ப வரலே, கண்ணு."

அரை மணி கழித்துப் போனேன். மணி அடிக்கிற நேரத்திலும், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, எடுத்துக்கொண்டு போனேன்.

"நீ போம்மா. படிச்ச பொண்ணு, இதெல்லாம் ஒனக்கு எதுக்கு? பூவாயி வருவா."

பூவாயி வார்டைக் கூட்டுகிறவள். துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளு அஞ்சலாட்சி, மறைப்ப இழுக்கணும்."

தள்ளி நின்றேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.