வேட்டைக்குப் போன முயல்கள்

அந்த அநாதை இல்லத்துச் சமையல்காரியைப் பிள்ளைகள் முதல் நிர்வாகியம்மா வரை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயிறு நிறையச் சோறு போட்டும் பிள்ளைகளுக்கு உடம்பில் ஒட்டவில்லை. முகம் வெளுத்து, முடி செம்பட்டை பாய்ந்து கிடந்தார்கள். பார்க்க வந்த டாக்டரம்மா, "வெறும் சோத்தை ரொப்பினா ஆச்சா? கறி கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நிர்வாகியம்மா யோசித்து யோசித்து, சமையலறைக்குப் பின்னால் முயல் கொட்டகை போட்டார். புல்லும் காய்த்தோலும் போதும், குட்டிக்குக் குறைவிருக்காது.

வளர்ப்பதும் கொல்வதும் பெரியக்கா தலையில் விழுந்தது. ஞாயிறுதோறும் கறி. முதல் ஞாயிறு இரண்டு தரம் குறி தவறினாள். போகப் போகப் பழகிவிட்டது. காதுக்குப் பின்னால் கட்டையால் ஒரே போடு, துடிக்க விடமாட்டாள். பிள்ளைகள் கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியது.

அப்புறம் முயல்கள் காணாமல் போக ஆரம்பித்தன. பூட்டு பூட்டினபடியே இருந்தது, சாவியும் சமையலறை ஆணியில் தொங்கினபடியே இருந்தது.

"பூட்டைத் திறந்து திரும்பப் பூட்டிட்டுப் போற கீரி எங்கேயாவது உண்டாடா?" என்று இல்லத்து வேன் ஓட்டும் தன் தம்பியிடம் கேட்டாள். கூடப் பிறந்தவன். கெஞ்சிக் கூத்தாடி அவள்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தாள். அவன் வேனைத் துடைக்கப் போய்விட்டான்.

ஒரு மத்தியானம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், மதிலுக்கு அந்தப் பக்கம் பாழடைந்த செங்கல் சூளையிலிருந்து வீறிடும் சத்தம் ஒன்று கேட்டது. முயல் லேசில் வாய் திறக்காது. திறந்தால் உயிர் போகிறது என்று அர்த்தம். அடுப்பு கிளறுகிற இரும்புக் கம்பியோடு ஓடினாள்.

சூளைக்குள் தம்பியும் இரண்டு ஆட்களும் நின்றார்கள். இரண்டு வேட்டை நாய்கள். முயலின் பின்னங்காலில் கயிறு கட்டி, ஓடவிட்டு, வேட்டைக்குப் பழக்க நாய்க்கு ரத்த ருசி காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் முயலைப் பாதியாகக் கிழித்திருந்தது. அது இன்னும் முன்னங்காலால் மண்ணைப் பிறாண்டியது.

"அடப்பாவி! பிள்ளைங்க வாயில போறதையாடா நாய்க்குப் போடறே?"

"அக்கா, போயிடு. நாய் வெறியில இருக்கு."

அவள் போகவில்லை. முயலைப் பிடுங்கக் குனிந்தாள். நாய் அவள் முழங்கைக்குக் கீழே கவ்வி உலுக்கியது. சதை பிய்ந்தது. இடக்கையால் கம்பியை ஓங்கி மண்டையில் இறக்கினாள். பிடி விடவில்லை. கண்ணு மண்ணு தெரியாமல் மறுபடி மறுபடி அடித்தாள். எலும்பு நொறுங்கி நாய் சரிந்தது. மற்ற நாயை இழுத்துக்கொண்டு அந்த இருவரும் ஓட்டம் பிடித்தார்கள்.

"என் நாயைக் கொன்னுட்டியே!" தம்பி அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. இன்னொரு தரம் மோத அவன் கையை நீட்டியபோது கம்பி அந்தக் கையில் விழுந்தது. மளுக்கென்று எலும்பு ஒடிந்தது. அவன் சுருண்டு விழுந்தான். மேலும் அடிக்க ஓங்கியவள், வலியில் கோணிய அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பியைப் போட்டாள். அவர்கள் விட்டுப்போன சாக்கில் மிச்சம் ஒரு முயல் உயிரோடு நெளிந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து, நடந்ததை ஒன்று விடாமல் நிர்வாகியம்மாவிடம் சொன்னாள். அவர் அப்போதே தம்பியை வேலையை விட்டு நீக்கினார், அது அவன் காதுக்கு இன்னும் போகவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தையல் போட்டு, நாய்க்கடி ஊசி போட்டார்கள். வெளியே பெஞ்சில் கட்டுப் போட்ட கையோடு அவன் உட்கார்ந்திருந்தான். வேறு இடமில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் தரையைப் பார்த்தபடி, "ரொம்ப வலிக்குதாக்கா?" என்றான்.

"வலிக்குது."

"நிர்வாகியம்மாகிட்ட சொல்லிடாதே."

"சொல்லிட்டேன்டா," என்றாள். அழுகை வந்தது. அவன் பக்கம் திரும்பாமலே எழுந்து நடந்தாள். பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு இன்னும் வடிக்கவில்லை.