பால் பூசிய பிரேக்

மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பின்சக்கரத்து பிரேக் விடவில்லை. சக்கரத்தின் நடுக்குடத்தைத் தொட்டால் அடுப்புச் சட்டி போலச் சுட்டது. மோட்டார் சைக்கிளின் முன்னால் குந்தியிருந்த இருளப்பன் விரலை உதறிக்கொண்டான். வண்டி, தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் வல்லிபுரத்தினுடையதுதான். ஆனால் அன்றைக்கு அது ஓடியே ஆகவேண்டிய அவசரம் இருளப்பனுக்கு.

ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு நாலைந்து வருடம் முந்திய கதை இது. சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டமொன்றில், ரப்பர் ஷீட் அழுத்தும் ஆலைக்கு இருளப்பன் எஞ்சின்காரன். ஒன்பது நாளுக்கு முன் அவன் மனைவி புஷ்பவள்ளியைத் தோட்ட லோரியில் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பெண்ணாகப் பிறந்து, வீறிட்டு அழுது, பாலும் குடிக்கிறது என்று செய்தி வந்தது. பெற்றவன் மட்டும் இன்னும் பார்க்கவில்லை. துரை அரைநாள் லீவு கொடுத்ததே பெரிய காரியம். இன்றைக்கு வருகிறேன் என்று புஷ்பவள்ளிக்குச் சொல்லியும் அனுப்பியாயிற்று. நடந்து போனால் இருட்டிவிடும். ஐந்து மணிக்கு மேல் வார்டுக்குள் விடமாட்டார்கள். மருந்து எடுக்கப் போகும் டிரஸர் பின்னால் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

“என்ன இருளப்பன், சரிவருமே?” வல்லிபுரம் கடிகாரத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு பட்டாலும் முகம் வாடிவிடும்.

“வராம எங்கய்யா போயிரும்?” வாய் வீரமாகத்தான் சொன்னது.

சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் கட்டைகளில் குறையில்லை, ஸ்பிரிங்கும் நன்றாகவே இருந்தது. கட்டைகளை விரிக்கிற சின்னத் தண்டுதான் திரும்ப மறுத்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ பிசுபிசுத்தது. தொட்டு மோந்தான். ரப்பர்.

அவனே பூசியது. தண்டு நுழையும் துளை வழியே சேறு போகிறதென்று போன மாத மழையில் சுற்றிலும் ரப்பர் பாலைப் பூசி அடைத்திருந்தான். வாளி ஒழுகினாலும் சப்பாத்து கிழிந்தாலும் தோட்டத்தில் அதுதானே வைத்தியம்! டிரஸர் வண்டிக்கே நான் டிரஸர் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பீற்றிக்கொண்டும் திரிந்தான். பிரேக் சூட்டில் பால் இளகி உள்ளே இறங்கும் என்று அந்த மகாராசனுக்குத் தோன்றவேயில்லை. சொன்னால் ஏற்றாமல் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

“ஐயா, இது நான் பூசுன பாலுங்க. நாந்தான் கெடுத்துட்டேன்.”

வல்லிபுரம் வெள்ளைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டார். “கதைச்சுக்கொண்டிராதை. மண்ணெண்ணெய் எடுத்தாறன், நீ சுரண்டு.”

மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் தண்டில் சுற்றிவிட்டுக் காத்திருந்தான். ரப்பர் இலைகள் ஒன்றிரண்டாகச் சுழன்று இறங்கின. பிள்ளைக்கு யார் மூக்கு இருக்கும்? புஷ்பவள்ளியின் மூக்கை வைத்துப் பார்த்தான். தன் காதுகளை ஒட்டவைத்துப் பார்த்து, வேண்டாமென்று எடுத்துவிட்டான். சுரண்டித் துடைத்ததும் தண்டு இலேசாகத் திரும்பியது. சக்கரத்தை மாட்டிச் சுழற்றினான். கம்பிகள் மறைந்து வெறும் வெளிச்சமாகச் சுற்றியது. அதற்குள் ஒரு சின்ன முகம் வருவதும் போவதுமாக இருந்தது. டிரஸர் தோளைத் தட்டிய பிறகுதான் எழுந்தான்.

பின்னால் உட்கார்ந்தவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“என்னைப் பிடி.”

“சட்டை அழுக்காயிருமுங்க.”

“பிடி எண்டன்.”

மரவரிசைகள் திறந்து திறந்து மூடின. பீடோங் கடைத்தெரு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. தரையில் கால் படாமல் இவ்வளவு தூரம் போவது தூக்கத்தில் போவது மாதிரி இருந்தது. செம்மண் கண் இமைவரை அப்பியது. துடைக்க மனமில்லை.

ஐந்தாக இன்னும் கால் மணி இருந்தது. வார்டு வராந்தாவில் புஷ்பவள்ளி நின்றிருந்தாள், தோளில் வெள்ளைத் துணிச் சுருட்டோடு. வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். டிரஸரைக் கண்டு தலை தாழ்த்தினாள். பின்னால் இருந்த செம்மண் மனிதனையும் பார்த்தாள்; யாரோ என்று பார்வையை நகர்த்திக்கொண்டாள். அவன் கூப்பிடக்கூட மறந்து, அந்தத் துணிச் சுருட்டையே எட்டிப் பார்த்தான். பிள்ளையின் தலைக்கு வெயில் படாமல் முந்தானையை இழுத்து மூடிவிட்டு, அவள் நுனிக்காலில் எழும்பி, நடந்து வரப்போகும் புருஷனைத் தேடித் தூரத்துச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.