இறங்கும்போதும் ஜி ஷார்ப்

அப்பா ஓட்டும் லிஃப்டில் ஆறாவது மாடிக்கு ஏறி, வயலின் வாசித்துவிட்டு, அதே லிஃப்டில் இறங்குவது. மூன்று மாதமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலி அவளுடையது, அதுவும் தற்காலிகம். இன்றோடு கெடு முடிகிறது. ஒத்திகை முடிந்ததும், வைத்துக்கொள்வதா வீட்டுக்கு அனுப்புவதா என்று குழுவை நடத்தும் கண்டக்டர் சொல்லிவிடுவார்.

"உங்க கண்டக்டர் இன்னிக்கு டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவாராமே?" என்றார் அப்பா, இரும்புக் கதவை இழுத்து மூடிக்கொண்டே.

"யாருப்பா சொன்னா?"

"பென்சில் சார்தான். லிஃப்ட் ஓட்டுறவனுக்குக் காது கிடையாதுன்னு நெனச்சுதானே எல்லாரும் பேசுறாங்க. அந்தப் பொண்ணுக்கு அடிப்படையே தெரியாதுன்னு யார்கிட்டயோ சொல்லிட்டுப் போறாரு."

அந்தப் பொண்ணு யார் பெற்ற பொண்ணு என்று பென்சில் சாருக்குத் தெரியாது. மாடியில் யாருக்கும் தெரியாது. அப்பாதான் சொல்லவேண்டாம் என்றிருந்தார். அவளுக்கு அதில் எரிச்சல்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பென்சில் சார் இரண்டாம் வயலின்களுக்குத் தலைவர். காதில் எப்போதும் ஒரு பென்சில். தாத்தா வயலின், அப்பா வயலின். பால்புட்டியோடு ஸ்கேல் என்னும் சுரவரிசையையும் சேர்த்துக் குடித்து வளர்ந்தவர். புதுப் படைப்பு ஒன்றின் தாள்கள் வந்த அன்றே, எல்லார் தாளிலும் ஒரே இடத்தில் பென்சிலால் இரண்டு குறிகள் போட்டுவிட்டார். ஏ மைனரில் ஒரு ஓட்டம். ஏறும்போது எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், அதாவது அரைப் படி உயர்த்திய எஃபும் ஜியும். இறங்கும்போதும் அச்சில் அதே ஷார்ப்கள்தான் இருந்தன. "அச்சுப்பிழை" என்று தீர்ப்பு எழுதி, இறங்கும் இடத்தில் இரண்டையும் ஷார்ப் இல்லாத சாதா சுரமாக மாற்றிவிட்டார். மெலோடிக் மைனர் ஸ்கேல் என்றால் இறங்கும்போது இயல்புக்குத் திரும்பவேண்டும், அது குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றார்.

இந்தக் குழந்தைக்கு அது தெரியாமல்தான் இருந்தது. கல்லூரி முதல் வருடத்தில் இதைக் கேட்ட பரீட்சையில்தான் ஃபெயில். மைனர் ஸ்கேலுக்கு எதற்கு மூன்று வடிவம் என்று கேட்டதற்கு, "இதெல்லாம் வீட்டுலயே தெரிஞ்சிருக்கணும்மா" என்றார் விரிவுரையாளர். எந்த வீட்டில்? குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளே அவள்தான். வீட்டில் இருந்த ஒரே வாத்தியம் பிரஷர் குக்கர்.

கோபத்தோடு போய் நூலகத்தில் உட்கார்ந்தாள். விதியை மனப்பாடம் செய்ய மறுத்தாள், காரணத்தைத் தோண்டினாள். எதையும் மாற்றாமல் விட்டால் அது நேச்சுரல். அதில் ஏழாவது சுரம், வீடு மாதிரியான ஆதார சுரத்தின் வாசலிலிருந்து ஒரு முழுப் படி தள்ளி நின்றுகொண்டு, உள்ளே வர ஆசையே இல்லாத விருந்தாளி மாதிரி முழிக்கும். அதை அரைப் படி உயர்த்தினால் வீட்டைப் பார்த்துப் பாயும், அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டமான கார்டும் உறுதியாகும். அது ஹார்மோனிக். ஆனால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். பள்ளத்தைத் தூர்க்க ஆறாவதையும் உயர்த்தினால் மெலோடிக். இறங்கும்போது வீட்டைவிட்டுக் கிளம்புகிறோம், பாய்ச்சல் தேவையில்லை, இரண்டையும் இறக்கிவிடலாம். ஆனால் அடியில் உயர்ந்த ஏழாவதே ஒலித்துக்கொண்டிருந்தால் இறங்கும்போதும் இறக்க முடியாது. ஆக, திசை முக்கியமே இல்லை. அடியில் என்ன கார்டு ஒலிக்கிறது என்பதுதான் முக்கியம்.

அதனால்தான், எல்லா வாத்தியமும் இருக்கும் முழுத் தாளை எட்டிப் பார்த்து, தன் தாளில் இருந்த பென்சில் குறிகளை முதல் நாளே அழித்துவிட்டாள். கடைசி நாற்காலி, தனி ஸ்டாண்டு, யாரும் கவனிக்கவில்லை. ஆனால் போன இரண்டு ஒத்திகைக்கும் தந்தி வாத்தியக்காரர்கள் மட்டும்தான் வந்தார்கள். மற்றவர்கள் ஒரு சுரம், இவள் ஒரு சுரம். கேட்டவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தது இவளைத்தான்.

இன்று ஓபோ முதலான ஊதுவாத்தியங்களும் வந்திருந்தன. அந்த இடம் வந்தது. ஏறினார்கள், அழகு. இறங்கினார்கள், தகரத்தை ஆணியால் கீறியது போல் ஒரு சத்தம்.

கண்டக்டர் கோலால் ஸ்டாண்டைத் தட்டினார். "கடைசி நாற்காலி! மூணாவது தடவைம்மா. காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?"

"ஏம்மா, மெலோடிக் மைனர்னு ஒண்ணு படிச்சதே இல்லையா?" என்றார் பென்சில் சார், திரும்பாமலே.

நாலு பேர் சிரித்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"படிச்சிருக்கேன் சார். அதுல ஃபெயிலாகி, மறுபடி படிச்சிருக்கேன். ஒரே ஒரு நிமிஷம் குடுங்க. இந்த இடத்துல ஓபோ என்ன சுரம் பிடிக்குது?"

ஓபோக்கார அக்கா தாளைப் பார்த்தாள். "ஜி ஷார்ப். கடைசிவரைக்கும் அதேதான்."

"அடியில ஈ மேஜர் கார்டு சார். அதுக்குள்ள ஜி ஷார்ப் உட்கார்ந்திருக்கு. மேல நாம சாதா ஜி வாசிச்சா அடிச்சுக்காம என்ன செய்யும்? ஜியை மட்டும் தூக்கினா பள்ளம் விழும், அதனாலதான் எஃபும் ஷார்ப். அச்சுல இருக்கிறது சரி. பென்சில்தான் தப்பு."

வில்லின் நுனியால் தாளில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"ஊதுங்க," என்றார் கண்டக்டர் ஓபோவிடம். "தலைவரே, நீங்க மட்டும் இறங்குங்க."

பென்சில் சார் இறங்கினார். தகரம் கீறியது. செல்லோக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"இப்ப நீ."

வாசித்தாள். ஏ, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ. ஓபோவின் தோளில் கைபோட்டுக்கொண்டு படியிறங்குவது போல் அந்த நாலு சுரமும் கீழே வந்தன. எங்கும் இடிக்கவில்லை. தாளவாத்தியக்காரர் தன்னை அறியாமல் "அடடா!" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

கண்டக்டர் தன் முழுத் தாளைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். காது சிவந்தது. "என் தாள்லயும் ஷார்ப்தான் அச்சடிச்சிருக்கு. அச்சுப்பிழைன்னு சொன்னதை நம்பிட்டேன். என் தப்பு." பிறகு வரிசையைப் பார்த்தார். "ரப்பர் யார்கிட்ட இருக்கு?"

அழித்தவள் ஒருத்திதான், ரப்பரும் அவளிடம்தான் இருந்தது. கடைசி நாற்காலியிலிருந்து அது கைமாறிக் கைமாறி முன்னால் போனது. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் சரக் சரக். கடைசியாகப் பென்சில் சார் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி தேய்ந்திருந்தது. அவர் காதிலிருந்த பென்சிலை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, குனிந்து அழித்தார்.

பிறகு எல்லாரும் சேர்ந்து வாசித்தார்கள். ஆறு மாடியும் நிறைந்தது.

போகும்போது கண்டக்டர், "ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்றார். அவ்வளவுதான்.

லிஃப்டில் பென்சில் சாரும் ஏறிக்கொண்டார். மூன்று பேரும் கதவையே பார்த்தபடி நின்றார்கள். நாலாவது மாடி தாண்டியதும் லிஃப்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"டிக்கெட் குடுத்துட்டாரா?"

"சீட்டே குடுத்துட்டாருப்பா. பர்மனென்ட்," என்றாள் அவள், சத்தமாக.

அந்த 'அப்பா' காதில் விழுந்ததும் பென்சில் சாரின் கை தானாகக் காதுக்குப் போனது. பென்சில் அங்கே இல்லை.

அவள் தலையை நிமிர்த்தி, தரைத்தளம் வரும்வரை சீட்டியடித்தாள். ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஒன்றையும் இறக்காமல்.