நான்காம் முறை விழுந்தபோது

ஜெயராணி அந்த வெள்ளை அங்கியை மறுபடியும் பிரித்தாள். தவக்காலத் தொடக்கத்தில் கணவன் பிரவினை நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்தது. பக்கவாட்டில் ஏற்கெனவே பிடித்தாயிற்று. இப்போது தோளும் தொங்கியது. துணி அப்படியேதான் இருந்தது. உள்ளே இருந்த ஆள்தான் குறைந்துகொண்டே போனான்.

"பாத்தியாடி, சிலுவையில தொங்குற சாமியாட்டமே ஆயிட்டான் எம்புள்ள!" மாமியார் இருதயமேரிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

பெரிய வெள்ளியன்று கோயில் மைதானத்தில் பாஸ்கா நாடகம், இயேசுவின் சிலுவைப்பாடு. இந்த வருசம் பிரவின்தான் இயேசு. இயேசுவாக நடிப்பவன் தவக்காலம் முழுக்க ஒருவேளைதான் சாப்பிட வேண்டும், கறி தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

"போன வருசத்து ஏசு தொப்பையோட சிலுவை தூக்குனான். செஞ்சியே சிரிச்சுது" என்பார் நாடக வாத்தியார் இருதயநாதன். "இந்த வருசம் பாரு, எலும்ப எண்ணிடலாம்."

ஜெயராணிக்கும் பெருமையாகத்தான் இருந்தது, நூல் வாங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன அந்த மத்தியானம் வரைக்கும். பரோட்டாக் கடை வாசலில் பிரவினின் மினி வேன் நின்றது. மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை இறக்கிவிட்டு வந்தவன், உள்ளே கோழிச் சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, தட்டு மேல் தட்டாக விழுங்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வாய்க்குப் போன கை அப்படியே நின்றது.

"பசிக்குதுடி ராணி. தின்னத் தின்னப் பசிக்குது. கோயில்ல வச்ச வார்த்தையக் காப்பாத்த முடியல." அவன் கண் கலங்கியது. "யார்கிட்டயும் சொல்லிடாத. அம்மா செத்துடும்."

"திருட்டுப் பூன" என்று சிரித்து, மேஜைக்கடியில் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். சொல்வதில்லை என்று சத்தியமும் செய்தாள். வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. இவ்வளவு தின்கிறவனுக்கு ஏன் அங்கியைப் பிடித்துக்கொண்டே போகிறேன்?

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். ஓயாமல் பாத்ரூமுக்குப் போனான். அவன் போய்வந்த இடத்தை நோக்கி எறும்பு சாரை சாரையாக வந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள், மறுநாளும் வந்தது. பக்கத்தில் படுத்தால் அவன் மூச்சில் அழுகிய பழ வாடை.

பெரிய வெள்ளி காலையில் வாந்தி எடுத்தான். "வேணாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கெஞ்சினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விடுடி. முடிச்சுட்டு வரேன்."

சாயங்காலம் ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் சிவந்து இறங்க, பிரவின் சிலுவையைத் தூக்கினான். முதல் முறை விழுந்தான், பெண்கள் விசும்பினார்கள். இரண்டாவது, மூன்றாவது முறையும் விழுந்து எழுந்தான். கூட்டமே அழுதது. ஜெயராணி மட்டும் அவன் நெஞ்சைப் பார்த்தாள். துருத்திபோல ஏறி இறங்கியது.

நாலெட்டு நடந்து மறுபடியும் விழுந்தான்.

நாடகத்தில் இயேசு மூன்று முறைதான் விழுவார். கூட்டத்துக்கு அது உறைக்கவில்லை. ஜெயராணி மேடைக்கு ஓடினாள்.

"சீன் கெடுது, எறங்கும்மா!" என்று ஓரத்திலிருந்து சீறிய வாத்தியார், பிரவின் எழாததைப் பார்த்து ஓடிவந்தார்.

"பட்டினி மயக்கம்! குளுக்கோஸ் கலக்குங்க!" என்று யாரோ கத்தினார்கள். இருதயமேரி டம்ளரோடு வந்து மகன் தலையை மடியில் வைத்தாள். "குடி சாமி, எனக்காகத்தானே விரதம் கெடந்த..."

டம்ளர் விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தாள் ஜெயராணி. இனிப்பைத் தேடி வந்த எறும்புச் சாரை கண்முன் ஊர்ந்தது. டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"அவர் விரதமே இருக்கல அத்தை!"

வாத்தியார் கழுத்தில் தொங்கிய மைக் அதை மைதானம் முழுக்கச் சொல்லிவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

"கறியும் சோறுமா தின்னாரு. தின்னுத் தின்னு எளைச்சாரு. அவர் ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குது வாத்தியாரே!"

வாத்தியார் முகம் வெளிறியது. "எறும்பா? அய்யோ, சக்கர வியாதிம்மா அது! எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வேன எடுங்கடா!"

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த மெஷின் எண்ணே காட்டவில்லை. அதன் அளவையும் தாண்டிவிட்டது சர்க்கரை. டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே பேசினார். "இவருக்கு இன்சுலின் சுரக்கல. சாப்பிட்டதெல்லாம் சக்கரையா ரத்தத்துலயே நிக்குது, தசைக்குப் போய்ச் சேரல. உடம்பு பட்டினின்னு நெனச்சு தன் கொழுப்பையும் சதையையும் எரிச்சுத் தின்னுருக்கு. அந்த வாடைதான் மூச்சுல. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பறோம். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

நர்ஸ் அங்கியைக் கத்தரித்துக் கொடுத்தாள். ஜெயராணி போட்ட அத்தனை தையலும் பக்கவாட்டில் வரிசையாக இருந்தன. ஊரே பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த இளைப்புக்கு ஒவ்வொரு தடவையும் நூல் கோத்தவள் அவள்தான்.

வராண்டா பெஞ்சின் மறுகோடியில் இருதயமேரி ஜெபமாலையை விரலில் சுற்றியபடி இருந்தாள். ஜெபிக்கவில்லை.

"கறியுமா தின்னான்?"

"ஆமா அத்தை."

மாமியார் ஜெபமாலையை மடியில் போட்டாள். பிறகு நகர்ந்து வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வயிறாரத் தின்னானா?"

ஜெயராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. கதவுக்குப் பின்னால் அந்த மூச்சு, எதையோ எரிக்கிற துருத்திபோல, வந்து போய்க்கொண்டிருந்தது. சட்டென்று அது தணிந்தது.

மருந்து வேலை செய்கிறதா, இல்லை எரிப்பதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லையா? இருவரும் எழுந்து நின்று, அடுத்த மூச்சுக்காகக் கதவைப் பார்த்தார்கள்.