பால் நிற ஷீட்

பழைய ஷீட்டை உரிக்க ஹேர் டிரையர் வேண்டும். அது என் மனைவியுடையது. எட்டு மாதமாக அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. செருகியதும் தூசி கருகும் நாற்றம் வந்தது. பிறகு ஓடியது.

சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து, அவளுடைய கிரிக்கெட் பேட்டைக் கிடத்தியிருந்தேன். எதிரே மாமனார். மேஜை முனையில் முழங்கை ஊன்றி மனைவியின் தங்கை. தட்டான்பூச்சி மாதிரி ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குத் தட்டான் என்று பெயர். மறுநாள் காலை அவளுக்குத் தேர்வு ஆட்டம். நாற்பது பெண்கள் வருவார்கள், பதினைந்து பேரை எடுப்பார்கள். அக்காவின் பேட்டோடுதான் போவேன் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேட்டின் முகத்தில் ஒட்டியிருந்த ஷீட் ஓரங்களில் பிய்ந்திருந்தது. புதிது ஒட்ட வேண்டும். அந்த வேலை எப்போதும் என்னுடையது.

"மெதுவா அத்தான். பொண்ணு பார்க்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு குனிஞ்சு உக்காரல."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு," என்றார் மாமனார். "கட்டடத்துக்கே வெடிப்பு பார்த்து ரிப்போர்ட் எழுதறவர். அவருக்கு நீ சொல்லிக் குடுக்கறியா?"

"சுவத்துல வெடிப்பு பார்க்க என்னப்பா இருக்கு? கரப்பான் வந்து போறதைப் பார்த்தா தெரியாதா?"

பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த புது ஷீட்டை உருவி முகத்துக்கு முன் விரித்தாள். அதன் வழியாக அவள் பல் தெரிந்தது.

"அக்கா போடுற அதே கண்ணாடி ஷீட். மூணு கடை ஏறி இறங்கினேன். ஒட்டினதே தெரியாது."

அதை நான் யோசிக்கவில்லை. பேட்டில் இருந்தது பால் நிறம். அதையே வாங்கி வருவாள் என்று நினைத்திருந்தேன்.

அவளுக்குப் போன் வந்தது. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடிப்பக்கத்திலிருந்து சூடு காட்டி உரித்தேன். பசை இளகி நூல் நூலாக வந்தது. பேட்டின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக, ஒரு கோடு ஏறியிருந்தது. முடி அளவு. உள்ளே பழைய பசை கறுத்திருந்தது.

"என்ன மாப்ள அது? பென்சில் கோடா?"

"வெடிப்பு."

"இப்ப உரிக்கறப்ப விட்டுதா?"

"போன வருஷமே இருந்துச்சு."

"அப்ப எதுக்கு மேல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

போன வருடம் என் மனைவியின் ரிப்போர்ட் வந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இவர்தான் சொன்னார்: "அவகிட்ட சொல்ல வேணாம் மாப்ள. தெரிஞ்சா மனசு விட்டுடுவா." நான் தலையாட்டினேன். படித்தவன், சரி என்று தலையாட்டினேன். ரத்த சோகை என்று அவளிடம் சொன்னோம். எல்லோரும் நன்றாகவே சொன்னோம்.

அதே வாரம் அவள் பேட்டை என்னிடம் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் ஆட வேண்டும், ஷீட்டை மாற்றி வை என்றாள். உரித்தபோது இந்தக் கோடு இருந்தது. உன் பேட் போய்விட்டது என்று அந்த வாரம் என்னால் சொல்ல முடியவில்லை. கடைக்குப் போய், இருப்பதிலேயே கனமான பால் நிற ஷீட்டைக் கேட்டு வாங்கினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குமிழி இல்லாமல் ஒட்டினேன். நான் ஒட்டியதிலேயே நேர்த்தியானது அதுதான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, பழைய பந்து ஒன்றால் பேட்டை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தாள். நல்ல மரம் டொக் என்று பேசும். அடிப்பக்கம் வந்ததும் பொத் என்றது. அந்த இடத்தில் மூன்று முறை தட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் வெள்ளை?"

"கடையில இதுதான் இருந்துச்சு."

"ம்."

பேட்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதுவரை தினமும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகு ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கொடுத்த மாத்திரையை எல்லாம் விழுங்கினாள். ஏழு வாரம்.

மாமனார் எழுந்து பேட்டைக் குப்புறத் திருப்பிப் போட்டார்.

"பக்கத்துத் தெருவுல ஒரு கடை இருக்கு. வெள்ளை ஷீட் இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

"மாமா."

"ஒரு நாள் ஆட்டம்தானே. பெரியவ பேட்டோட போனா அவளே கூட நிக்கற மாதிரி இருக்கும் இவளுக்கு. சொல்ல வேணாம் மாப்ள. தெரிஞ்சா மனசு விட்டுடுவா."

அதே சொற்கள். அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார்.

பால்கனிக் கதவு திறந்தது. "எட்டரைக்கெல்லாம் அங்க இருக்கணுமாம். அப்பா, எங்க கிளம்பிட்டீங்க?"

"பசை வாங்க."

"ஷீட்லயே பசை இருக்கேப்பா! இத்தனை வருஷமா என்னத்தைப் பார்த்தீங்க?"

நான் பேட்டை நிமிர்த்தி எடுத்து அவளிடம் நீட்டினேன். உறையின் பக்கப்பையில் அவள் அக்காவின் பந்து இருந்தது. அதையும் கொடுத்தேன்.

"தட்டிப் பாரு."

தட்டினாள். டொக். டொக். டொக். பொத். சிரிப்பு அப்படியே நிற்க, நகத்தால் கோட்டைக் கீறிப் பார்த்தாள்.

"செத்த பேட்டு. எப்பலேர்ந்து?"

"போன வருஷம். தெரிஞ்சுதான் மேல ஒட்டினேன்."

"அதுக்குத்தான் வெள்ளையா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்க, இன்னிக்குத்தான் பார்க்கறேன். அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் மாமனார். குரல் உயர்ந்துவிட்டது. "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாமத்தான் போனா. நிம்மதியாப் போனா."

தட்டான் கேட்டது பேட்டைப் பற்றி மட்டும்தான்.

"தெரியும் மாமா," என்றேன். "அவ தட்டிப் பார்த்தா."

"எதைச் சொல்றீங்க?"

"ரெண்டையும்."

"உங்ககிட்ட சொன்னாளா?"

"இல்ல. கேக்கறதை நிறுத்திட்டா."

"எட்டு மாசமா அந்த ஒண்ணை நினைச்சுத்தான் தூங்கறேன். அதையும் உருவிட்டீங்களே மாப்ள. ஒரு மட்டைக்காக." மற்றச் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

தட்டான் பேட்டை மேஜையில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"என்கிட்டயும் ரத்த சோகைன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"தினமும் காலேஜ் விட்டு வந்து மாதுளை உரிச்சுக் குடுத்தேன். ஒரு முத்து கீழ விழுந்தாக்கூட எடுத்துக் கழுவிக் குடுத்தேன். ரத்தம் ஊறும்னு. ரெண்டு பேரும் நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"அவளும் தெரிஞ்சேதான் சாப்பிட்டிருக்கா."

புது ஷீட்டைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தாள். ஒரு மூலை மடங்கியது. பார்த்தாள், நிமிர்த்தவில்லை.

"என் பேட்டையே எடுத்துட்டுப் போறேன். கனம் பத்தாது. பரவால்ல."

"கொண்டு வா, அதுல ஒட்டித் தரேன். அரை மணி நேரம்தான்."

"வேணாம். நானே ஒட்டிக்கறேன்."

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, துடைச்சுட்டு, நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தேய்க்கணும். இல்லன்னா குமிழி..."

"தெரியும்."

"ஒட்டறதுக்கு முன்னாடி வெடிப்பு இருக்கான்னு..."

"அதை நான் பார்த்துக்கறேன் அத்தான். நீங்க சொல்ல வேணாம்."

போய்விட்டாள். உரித்த பால் நிற ஷீட், பசைப்பக்கம் கீழாக, போர்வையில் ஒட்டிக் கிடந்தது. இழுத்தேன். பஞ்சோடு வந்தது.